மூன்று அலுவலகம், ஒரே லேப்டாப்: நெட்வொர்க் செட்டிங்கை ஒவ்வொரு முறையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி, மார்ச் 3

எங்களுக்கு மூன்று இடங்களில் அலுவலகம். நாற்பது பேர் லேப்டாப்போடு வாரத்தில் இரண்டு மூன்று முறை இடம் மாறுகிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஐபி (மெஷினின் முகவரி), கேட்வே (வெளியே போகும் வாசலான ரூட்டர்), டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர்), ப்ராக்ஸி (இணையத்துக்கு இடையில் நிற்கும் சர்வர்) எல்லாமே வேறு. எல்லாம் ஸ்டாடிக், அதாவது மெஷினிலேயே நிலையாக எழுதி வைத்தவை. இப்போது கையால் மாற்றுகிறோம். டெஸ்க்டாப்பில் மூன்று பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) வைத்து, எந்த அலுவலகத்தில் இருக்கிறார்களோ அதை டபுள் கிளிக் செய்யச் சொல்லலாம் என்று இருக்கிறேன். பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, வேலை செய்கிறது. இதைவிடச் சுலபமான வழி இல்லை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பதில், மார்ச் 3, இரவு

மாற்றுக் கருத்து இருக்கிறது. இதே வேலையை நான் நான்கு வருடம் செய்தேன். விண்டோஸின் நெட்எஸ்எச் கட்டளையால் ஐபியையும் டிஎன்எஸ்ஸையும் இரண்டு மூன்று வரியில் மாற்றிவிடலாம், அதில் சந்தேகமே இல்லை. முதல் மாதம் எல்லோரும் பாராட்டினார்கள்.

பிறகு தொல்லை ஒவ்வொன்றாக வந்தது. சாதாரணப் பயனர் கணக்கில் அந்த ஃபைல் ஓடாது, அட்மின் உரிமை கேட்கும். அதற்காக எல்லோரையும் அட்மின் ஆக்கக்கூடாது என்று, விண்டோஸிலேயே இருக்கும் 'நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆப்பரேட்டர்ஸ்' குழுவில் சேர்த்தேன். அது தீர்ந்தது. அடுத்து, ஃபைலில் நெட்வொர்க் கார்டின் பெயரை 'ஈதர்நெட்' என்று எழுதியிருந்தேன். ஒருவர் லேப்டாப்பை டாக்கில் (மேசையில் இருக்கும் இணைப்புப் பெட்டி) செருகினார், அவருடைய மெஷினில் அது 'ஈதர்நெட் 2' ஆகிவிட்டது. கருப்புச் சன்னல் திறந்து மூடியது, எதுவும் மாறவில்லை, அவருக்கோ மாறிவிட்டது என்ற நம்பிக்கை.

மோசமானது வீட்டில்தான். மாலையில் அலுவலகத்தின் ஸ்டாடிக் ஐபியோடு கிளம்பிப் போகிறவருக்கு வீட்டு வைஃபை இணையும், ஆனால் எந்தத் தளமும் திறக்காது. 'வீடு' என்று நான்காவது பேட்ச் ஃபைல் போட்டேன். அப்புறம் 'ஹோட்டல்' என்று ஐந்தாவது. அப்போதுதான் யோசித்தேன்: தான் எங்கே இருக்கிறோம் என்பதை லேப்டாப்புக்கு மனிதன் ஏன் சொல்ல வேண்டும்? அந்த இடத்து நெட்வொர்க் அல்லவா சொல்ல வேண்டும்?

மார்ச் 4

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். உங்களுக்கு வேண்டியது டிஎச்சிபி, அதாவது லேப்டாப்புக்கு ஐபியை அந்த இடத்து சர்வரே கொடுக்கும் முறை. ஒவ்வொரு அலுவலகத்திலும்.

இது புதிதல்ல, இன்றைய வடிவத்தின் வரையறை வந்தது 1997இல். லேப்டாப் கேபிளில் செருகப்பட்டதும் "யாராவது இருக்கிறீர்களா?" என்று கூவுகிறது, சர்வர் ஒரு முகவரியை நீட்டுகிறது, லேப்டாப் "அதையே கொடுங்கள்" என்கிறது, சர்வர் "சரி, இத்தனை நேரத்துக்கு உன்னுடையது" என்கிறது. நான்கே பேச்சு. முகவரியோடு சப்நெட் மாஸ்க் (எண் வரிசையின் எல்லை), கேட்வே, டிஎன்எஸ், டொமைன் பெயர், நேர சர்வர் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். உங்கள் மூன்று பேட்ச் ஃபைல்களைத் திறந்து பாருங்கள். ப்ராக்ஸியைத் தவிர, அவற்றில் இருப்பதெல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கும்.

"எங்களுக்கு ஸ்டாடிக்தான் வேண்டும், எந்த மெஷின் எந்த ஐபி என்று தெரிய வேண்டும்" என்று யாராவது சொல்வார்கள். என்னிடம் சொன்னவர் ஒரு மேலாளர். அவருக்கு ரிசர்வேஷன் போதும். மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) சர்வரில் பதிந்துவிட்டால் அந்த மெஷினுக்கு எப்போதும் அதே ஐபி.

மார்ச் 4, பிற்பகல்

"மூன்றில் ஒரு அலுவலகத்தில் டிஎச்சிபி போட முடியாது, ரூட்டர் கட்டட உரிமையாளருடையது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் விண்டோஸில் 'ஆல்டர்நேட் கான்ஃபிகரேஷன்' என்ற தாவல் இருக்கிறது. ஐபியைத் தானாகப் பெறும்படி வைத்தால்தான் அந்தத் தாவலே கண்ணில் படும். முதலில் டிஎச்சிபியைத் தேடும், பதில் வராவிட்டால் நீங்கள் எழுதி வைத்த ஸ்டாடிக்கை எடுத்துக்கொள்ளும். பயனர் எதையும் தொட வேண்டாம்.

ஒரே ஒரு மாற்றுதான் எழுதலாம். இரண்டு இடம் ஸ்டாடிக் என்றால் இது உதவாது.

மார்ச் 5

மேலே சொன்னதில் ஒரு ஆபத்தைச் சொல்லாமல் விட்டேன். சாதாரணமாக டிஎச்சிபி பதில் தராவிட்டால் விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். அந்த எண்ணைப் பார்த்ததும் "டிஎச்சிபி கிடைக்கவில்லை" என்று நமக்குப் புரிந்துவிடும். ஆல்டர்நேட் எழுதி வைத்தால் இந்த அறிகுறி மறைந்துவிடும். தலைமை அலுவலகத்தில் சர்வர் படுத்த அன்று எல்லா லேப்டாப்பும் வேறு அலுவலகத்தின் ஐபியோடு நிற்கும், ஸ்விட்ச் பழுதா கேபிள் பழுதா என்று ஒரு மணி நேரம் தேடுவீர்கள். தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் போடுங்கள், நாற்பது பேருக்கும் வேண்டாம்.

மார்ச் 6

மூன்று இடத்திலும் எந்த எண் வரிசை என்று கேட்டிருந்தேன். இரண்டு இடத்தில் 192.168.1 என்று பதில் வந்திருக்கிறது. இதைப் பற்றி விரிவாக எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் என் வாழ்க்கையில் மூன்று வாரத்தை இது தின்றது.

நாங்கள் எல்லாவற்றையும் டிஎச்சிபிக்கு மாற்றி முடித்துவிட்டோம். ஆனாலும் திங்கட்கிழமைதோறும் இரண்டாவது அலுவலகத்தில் நாலைந்து பேருக்கு இன்டர்நெட் இல்லை. போய்ப் பார்த்தால் ஐபி இருக்கிறது, சரியான வரிசையில் இருக்கிறது. கேட்வேக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது. ஆனால் எந்தத் தளத்தையும் பெயர் சொல்லித் திறக்க முடியவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது. கேபிளை மாற்றினேன், ஸ்விட்ச் போர்ட்டை மாற்றினேன், டிரைவர் புதுப்பித்தேன்.

காரணம் இதுதான். லேப்டாப் முதல் அலுவலகத்தில் வாங்கிய முகவரியின் லீஸ் (அதைக் கொடுத்த கால அளவு) இன்னும் முடியவில்லை. இரண்டாவது அலுவலகத்தில் செருகியதும் அது புதிதாகக் கேட்பதில்லை, "என் பழைய முகவரியையே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறது. எண் வரிசை வேறாக இருந்தால் அங்குள்ள சர்வர் "கூடாது" என்று மறுத்துவிடும், லேப்டாப்பும் உடனே புதிதாகக் கேட்கும். இங்கே வரிசை ஒன்றே. அந்த லீஸைப் பற்றி சர்வரிடம் எந்தக் குறிப்பும் இல்லை. குறிப்பு இல்லாவிட்டால் பேசாமல் இரு என்பதுதான் டிஎச்சிபி வரையறை. ஆகவே மௌனம். பதில் வராததால் விண்டோஸ் தன் பழைய கேட்வே 192.168.1.1ஐப் பிங் செய்து பார்க்கிறது. அந்த எண்ணில் இங்கேயும் ஒரு ரூட்டர் இருக்கிறது, பதில் சொல்கிறது! "சரி, பழைய இடத்தில்தான் இருக்கிறோம்" என்று லேப்டாப் முடிவு செய்து, பழைய டிஎன்எஸ் முகவரி உட்பட எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்கிறது. முதல் அலுவலகத்தில் 192.168.1.10 என்பது டிஎன்எஸ் சர்வர். இரண்டாவது அலுவலகத்தில் அதே எண்ணில் உட்கார்ந்திருந்தது பிரின்டர்.

பிரின்டரிடம் போய்த் தளத்தின் முகவரி கேட்டால் என்ன சொல்லும்.

கேட்வேயின் ஐபியை மட்டும் பார்க்காமல் அதன் மேக் முகவரியையும் சேர்த்துப் பார்த்து "இது அதே நெட்வொர்க்கா" என்று தீர்மானிக்கும் முறைக்கு 2006இல் ஒரு வரையறை வந்தது. எல்லாக் கருவியும் எல்லா நேரமும் அப்படிச் செய்யும் என்று நம்பி இருக்க முடியாது. உடனடித் தீர்வு ஐபிகான்ஃபிக் கட்டளையில் ரிலீஸ், ரினியூ: பழைய முகவரியை விட்டுப் புதிதாகக் கேட்கும். நிரந்தரத் தீர்வு ஒன்றுதான்: எந்த இரண்டு இடத்துக்கும் ஒரே வரிசை இருக்கக்கூடாது.

10இல் தொடங்கும் வரிசை முழுவதும் தனிப்பயனுக்கு என்று 1996இலேயே ஒதுக்கியாகிவிட்டது. அதில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் முகவரி. இடம் போதாது என்ற பேச்சே இல்லை. இரண்டாவது எண் அலுவலகம், மூன்றாவது எண் பயன்பாடு என்று வையுங்கள். 10.1.20 என்றால் முதல் அலுவலகம், வைஃபை. எண்ணைப் பார்த்தவுடன் ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியும்.

மார்ச் 6, இரவு

ஒரு திருத்தம். 10.1, 10.2 வேண்டாம். எல்லோரும் முதலில் எடுப்பது அவைதான். நாளை வேறு நிறுவனத்தோடு நெட்வொர்க்கை இணைக்க நேர்ந்தால் மோதும். சில வீட்டு ரூட்டர்கள் 10.0.0 வரிசையில்தான் வருகின்றன. 10.41, 10.42, 10.43 என்பது போல நடுவிலிருந்து எடுங்கள்.

192.168.0, 192.168.1 இரண்டையும் தவிர்க்க இன்னொரு காரணம் விபிஎன், அதாவது வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் இணைப்பு. வீட்டு ரூட்டர் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் இருக்கும். அலுவலகமும் அதே வரிசை என்றால், விபிஎன் இணைந்த பிறகும் அலுவலக சர்வருக்குப் போக வேண்டியதை லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்.

மார்ச் 9

ப்ராக்ஸி. இதுதான் கடினமான பகுதி, ஏனென்றால் இது நெட்வொர்க் கார்டின் செட்டிங் இல்லை, பயனருடைய செட்டிங்.

ப்ராக்ஸி முகவரியை ஐபியாக எழுதாதீர்கள். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஃபைலில் எழுதி, அந்த ஃபைலின் முகவரியை மட்டும் லேப்டாப்பில் கொடுங்கள். பிஏசி ஃபைல் என்பார்கள். 1996இல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2 கொண்டுவந்தது, இன்றும் எல்லா பிரவுசருக்கும் புரிகிறது. எந்தத் தளத்துக்கு எந்த ப்ராக்ஸி, எதற்கு நேரடி என்று அதில் ஒரே ஒரு ஃபங்ஷன் தீர்மானிக்கும். ஃபைலை எடுக்க முடியாத இடத்தில், அதாவது வீட்டில், பிரவுசர் பொதுவாக நேரடியாகப் போய்விடும். பேட்ச் ஃபைலில் எழுதிய ப்ராக்ஸி அப்படி விட்டுக்கொடுக்காது.

அந்த ஸ்கிரிப்டுக்குள் "என் ஐபி என்ன" என்று கேட்டு அலுவலகத்தைக் கண்டுபிடிக்கும் உத்தியை நானும் எழுதிப் பார்த்தேன். விபிஎன், வைஃபை, கேபிள் மூன்றும் இருக்கும் மெஷினில் எந்த ஐபி திரும்பும் என்று சொல்ல முடியவில்லை, கைவிட்டேன். இப்போது மூன்று இடத்திலும் ஃபைலின் பெயர் ஒன்றே, ப்ராக்ஸியின் பெயரும் ஒன்றே. அந்தப் பெயருக்கு அந்தந்த இடத்து ப்ராக்ஸியின் ஐபியை டிஎன்எஸ் சொல்கிறது. விண்டோஸ் சர்வர் 2016 முதல் கேட்பவரின் எண் வரிசையை (சப்நெட்) பார்த்து வேறு வேறு பதில் சொல்ல டிஎன்எஸ் பாலிசி இருக்கிறது.

ப்ராக்ஸியைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை, அதாவது டபிள்யூபிஏடியை, அணைத்தே வையுங்கள். பொது வைஃபையில் யார் வேண்டுமானாலும் "நான்தான் உன் ப்ராக்ஸி" என்று பதில் சொல்லிவிடலாம்.

மார்ச் 10

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "நான் மெஷின்களை கான்ஃபிகர் செய்யப் போகிறவன். போகிற இடத்தில் கன்ட்ரோலருக்கு (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) ஸ்டாடிக் ஐபி, டிஎச்சிபியே கிடையாது. எனக்கு என்ன வழி?"

நியாயமான கேள்வி. எல்லாவற்றுக்கும் டிஎச்சிபி என்று நான் சொன்னது இவருக்குப் பொருந்தாது. இவருக்கு ப்ரொஃபைல் மாற்றும் முறைதான் வேண்டும். ஆப்பிளின் மேக் கணினியில் 'லொகேஷன்' என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தொகுப்பு செட்டிங் சேமித்து மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸில் நெட்வொர்க்மேனேஜர் ஒரே கார்டுக்குப் பல ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளும். விண்டோஸில் கேபிளுக்கு அப்படி ஒரு வசதி இல்லை, நெட்எஸ்எச் பேட்ச் ஃபைல்தான்.

ஆனால் அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. ஒரு யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் வாங்கி, அதில் மட்டும் ஸ்டாடிக் போடுங்கள். உள்ளே இருக்கும் போர்ட்டும் வைஃபையும் என்றும் டிஎச்சிபி. கன்ட்ரோலருக்குப் போக வேண்டும் என்றால் அடாப்டரைச் செருகுங்கள், முடிந்தால் எடுத்துவிடுங்கள். அதில் கேட்வே பெட்டியைக் காலியாக விடுங்கள், இது முக்கியம். நிரப்பினால் லேப்டாப்புக்கு வெளியே போக இரண்டு வாசல் ஆகிவிடும், எதன் வழியாகப் போகும் என்பது அதன் முன்னுரிமை எண்ணான மெட்ரிக்கைப் பொறுத்தது.

மார்ச் 12

"மூன்றாவது அலுவலகத்தில் லாகின் மட்டும் மூன்று நிமிடம் ஆகிறது" என்று வந்த புகாருக்கு. புதிய எண் வரிசைக்கு மாற்றியதும் இது தொடங்கியதா? அப்படியானால் எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று. ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் பயனர், மெஷின் பட்டியல்) சைட்ஸ் அண்ட் சர்வீசஸ் திறந்து, அந்த சப்நெட்டைப் பதிந்திருக்கிறீர்களா பாருங்கள். பதியாவிட்டால் லேப்டாப்புக்குத் தன் பக்கத்து டொமைன் கன்ட்ரோலர் (லாகினைச் சரிபார்க்கும் சர்வர்) எது என்று தெரியாது. கிடைத்த ஏதோ ஒன்றிடம், தொலைவில் இருந்தாலும், போய் நிற்கும். டொமைன் கன்ட்ரோலரின் நெட்லாகன் லாக் ஃபைலில் 'நோ கிளையன்ட் சைட்' என்ற வரிகள் குவிந்திருக்கும். லேப்டாப்பின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் செட்டிங் பதிவு) சைட் பெயரை, அதாவது அலுவலகத்தின் பெயரை, கையால் எழுதிச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். இடம் மாறும் லேப்டாப்பில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்தப் பெயர் எல்லா இடத்துக்கும் ஒட்டிக்கொண்டு வரும்.

மார்ச் 12, மாலை

சப்நெட்தான் காரணம் என்று பதில் வந்தது. மகிழ்ச்சி.

மார்ச் 14

மார்ச் 4இல் மேக் முகவரி வைத்து ரிசர்வேஷன் போதும் என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன், குறைந்தபட்சம் லேப்டாப்களுக்கு. ஒரு லேப்டாப்புக்கு வைஃபைக்கு ஒரு மேக், கேபிளுக்கு ஒன்று, டாக்குக்கு ஒன்று. டாக்கின் மேக்கைப் பதிந்தால் அந்த மேசையில் யார் உட்கார்ந்தாலும் அதே ஐபி. அதோடு வைஃபை மேக்கை மாற்றி மாற்றிக் காட்டும் தனியுரிமை வசதி வேறு இருக்கிறது. ரிசர்வேஷன் பிரின்டருக்கும் கேமராவுக்கும் நல்லது, அவை நகர்வதில்லை. ஆள் யார் என்று தெரிய வேண்டும் என்றால் 802.1எக்ஸ் (நெட்வொர்க்குக்குள் விடும் முன் அடையாளம் கேட்கும் முறை) போடுங்கள். மூன்று இடத்திலும் வைஃபைக்கு ஒரே பெயர், ஒரே சான்றிதழ் முறை. யார் உள்ளே வந்தார் என்ற பதிவு அந்த அடையாளத்தைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரில் இருக்கும். லேப்டாப்பில் ஒரே வைஃபை ப்ரொஃபைல் போதும்.

சான்றிதழ் காலாவதியாகும் தேதியை நாள்காட்டியில் எழுதி வையுங்கள். ஒரு முறை நான் எழுதவில்லை. ஒரே காலையில் மூன்று அலுவலகமும் வெளியே நின்றது.

மார்ச் 17

ஸ்டாடிக்கிலிருந்து மாறும்போது மிச்சம் விட்டுப்போகிறவை, என் அனுபவத்தில் அடிக்கடி வந்த வரிசையில்:

டிஎன்எஸ். ஐபியைத் 'தானாக' என்று மாற்றியிருப்பார்கள், கீழே இருக்கும் டிஎன்எஸ்ஸுக்கான தேர்வு தனி, அது பழைய எண்ணோடு அப்படியே இருக்கும். யாரோ எப்போதோ 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) போட்டு வைத்திருப்பார்கள், வெளித்தளம் எல்லாம் திறக்கும், அலுவலக சர்வர் மட்டும் கிடைக்காது. நாற்பது மெஷினில் பதினொன்றில் இதைப் பார்த்தேன்.

ஹோஸ்ட்ஸ் ஃபைல், பெயருக்கு முகவரியை மெஷினிலேயே எழுதி வைக்கும் இடம். "தற்காலிகமாக" என்று எழுதிய வரி.

நிரந்தர ரூட், அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்று கையால் எழுதிய குறிப்பு. 'ரூட் பிரின்ட்' கொடுத்தால் கடைசியில் தனியாகக் காட்டும். ஐபி மாறினாலும், ரீஸ்டார்ட் ஆனாலும் போகாது.

மார்ச் 20

லீஸ் நேரம் எவ்வளவு வைப்பது? விண்டோஸ் டிஎச்சிபி சர்வரில் தானாக இருப்பது 8 நாள். இடம் மாறும் ஆட்களுக்கு அது அதிகம். இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு வந்து போனவரின் முகவரி 8 நாள் அவர் பெயரிலேயே கிடக்கும். ஒரு வைஃபை வரிசையில் இருப்பதே 254 முகவரி, அதில் போனும் சேரும். வைஃபைக்கு 8 மணி நேரம், கேபிளுக்கு ஒரு நாள் என்று வைத்திருக்கிறேன்.

ரொம்பவும் குறைக்காதீர்கள். பாதி நேரம் கழிந்ததும் லேப்டாப் புதுப்பிக்கக் கேட்கும். ஒரு மணி நேரம் வைத்தால், சர்வரை ஒரு மதியம் பழுதுபார்க்க நிறுத்த முடியாது.

சர்வர் ஒரே இடத்தில் இருந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும், ரூட்டரில் ரிலே போட்டால். கூவலை ரூட்டர் வாங்கி, தன் முகவரியை அதில் எழுதி, சர்வருக்கு அனுப்பும். அந்த முகவரியைப் பார்த்துத்தான் எந்த அலுவலகத்தின் வரிசையிலிருந்து கொடுப்பது என்று சர்வர் தீர்மானிக்கிறது. நான் அப்படித்தான் தொடங்கினேன். இடையிலிருக்கும் இணைப்பு அறுந்த ஒரு நாள் காலையில், கிளை அலுவலகத்தில் புதிதாக வந்தவர்களுக்கு ஐபியே இல்லை, பக்கத்துப் பிரின்டருக்குக்கூட அனுப்ப முடியவில்லை. அன்று முதல் ஒவ்வொரு கிளையிலும் ரூட்டரே டிஎச்சிபி கொடுக்கிறது. பராமரிக்க மூன்று இடம், ஆனால் ஒன்று விழுந்தால் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு இதுதான் சரி.

மார்ச் 27

மூன்று அலுவலகமும் மாறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டட உரிமையாளரும் ரூட்டரில் டிஎச்சிபியைத் திறந்துவிட்டார் என்பது எதிர்பாராத நல்ல செய்தி. அப்படியானால் ஆல்டர்நேட் கான்ஃபிகரேஷனையும் எடுத்துவிடுங்கள்.

பிரின்டரைப் பற்றியும் ஒன்று: 'இயல்பு பிரின்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும்' என்பதை அணைத்துவிடுங்கள். அது கடைசியாகப் பயன்படுத்திய பிரின்டரை வைத்து இயல்பு பிரின்டரைத் தானே மாற்றிக்கொண்டே இருக்கும்.

மார்ச் 28

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சோதனைக்கு அந்த மூன்று பேட்ச் ஃபைலையும் பத்துப் பேருக்குக் கொடுத்தீர்கள் அல்லவா, அவற்றை டெஸ்க்டாப்பிலிருந்து நீக்குங்கள். நெட் கொஞ்சம் மெதுவானாலும் பழக்கத்தில் யாராவது டபுள் கிளிக் செய்துவிடுவார்கள், மெஷின் பழைய ஸ்டாடிக் முகவரிக்குத் திரும்பிவிடும். குழுக் கொள்கை (எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங் அனுப்பும் வசதி) வழியாக நீக்கினால் ஒன்றும் தப்பாது. அவர்களை நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆப்பரேட்டர்ஸ் குழுவில் சேர்த்திருந்தால் அதிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.